பூசைக்குக் கழுவிய ஓடுகள்

தேவதானத்துக்கு மேற்கே, மலையைப் பார்த்தபடி, ஒரு கண்மாய்க்கரையை ஒட்டி ஒரு மேடு இருந்தது. இருந்தது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு ஏக்கர் வந்தால் அதிகம். நாலு வருஷம் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஞாயிற்றுக்கிழமையில் வரும் கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகவில்லை. அந்த மேட்டையே கட்டிக்கிட்டு அழுங்க என்று என் மனைவி சொல்லிவிட்டாள். இப்போது அதற்கும் வழியில்லை.

நான் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். கோபக்காரன். வகுப்பில் சாக்பீஸை எறிந்த காலமும் உண்டு. இப்போது எறிந்தால் வீடியோ எடுத்துவிடுவார்கள் என்பதால் வாயோடு நிறுத்திக்கொள்கிறேன். பையன்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் எனக்குத் தெரியும், அதை இங்கே எழுதப் போவதில்லை. கோபத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. அது என்னைத் தவிர எல்லார் மேலும் பாயும்.

மேட்டில் உழுதால் பானை ஓடு வரும். இந்தப் பக்கத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. கறுப்பும் சிவப்புமாக, நம் மண்ணில் நம் ஆட்கள் வனைந்த பானைகள். உடைத்துப் பார்த்தால் உள்ளே உமி எரிந்த தடம் தெரியும். நான் தேடியது அதை அல்ல. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமானியர்கள் மதுவும் எண்ணெயும் நிரப்பிக் கப்பலில் அனுப்பிய சாடிகள் உண்டு. ஆம்போரா என்பார்கள். ஆள் இடுப்பு உயரம், ஒடுங்கிய கழுத்து, இரண்டு பக்கமும் காது, அடியில் கூர். தரையில் தானாக நிற்காது, கப்பலின் அடித்தட்டில் ஒன்றோடொன்று சாய்த்து அடுக்குவார்கள். ஒழுகாமல் இருக்க உள்ளே மரப்பிசின் பூசியிருப்பார்கள், அது கறுத்துப்போய் ஒட்டிக் கிடக்கும்.

அந்தச் சாடிகளில் ஒரு ரகம் இத்தாலியில் எரிமலைப் பக்கத்து மண்ணில் செய்தது. அதை அடையாளம் காண்பது சுலபம். ஓரத்தில் சின்னதாகச் சில்லு எடுத்து லென்ஸில் பார்த்தால், ரவையில் கடுகு கொட்டிய மாதிரிக் கறுப்பு மணல் தெரியும். எங்கள் பக்கத்துப் பானையில் அந்த மணல் வராது. கடற்கரை ஊர்களில் இந்த ஓடு கிடைப்பது சாதாரணம். மலையடிவாரத்தில் கிடைத்தால் கதையே வேறு. மேற்கே மலையைத் தாண்டினால் மலையாளக் கரை. கணவாய் வழியாகச் சாடியைச் சுமந்து வந்திருக்கிறார்கள் என்றால் இங்கே வாங்க ஆள் இருந்திருக்க வேண்டும், ஊர் இருந்திருக்க வேண்டும், அந்த ஊர் இந்த மேட்டுக்குள் கிடக்க வேண்டும். இதை நினைத்தாலே எனக்கு அப்போது தூக்கம் வராது.

மேட்டில் அப்படி ஒரு ஓட்டுத்துண்டை முதலில் கண்டெடுத்தது நான் இல்லை. எங்கள் துறையைக் கூட்டிப் பெருக்குகிற அக்கா. தளவாய்புரத்துக்காரர். எங்களிடம் வருவதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்தவர். ஓடுகிற மிஷின் வரிசையில் எந்த இழை அறுந்தது என்று நடந்துகொண்டே பிடித்த கண் அது. அவருடைய தம்பி வீடு தேவதானத்தில் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு மேட்டுக்கு வருவார். ஒருநாள் தூறலில் ஒரு துண்டைக் குனிந்து எடுத்து, விரலால் சேற்றை வழித்துவிட்டு என்னிடம் நீட்டினார். சாடியின் காது. ஒற்றைக் காது இல்லை, இரண்டு குச்சிகளைச் சேர்த்து ஒட்டியது போன்ற இரட்டைக் காது. ரோமானியச் சாடிக்கு அது ஒரு முத்திரை மாதிரி.

"இது நம்ம மண்ணு இல்ல சார்" என்றார் அக்கா. படித்துவிட்டுச் சொல்லவில்லை, கையில் தொட்டுச் சொன்னார். அன்றைக்கு அவர் காலில் விழுந்திருப்பேன்.

அதன்பின் மேட்டிலிருந்து அதே மண்ணில் இன்னும் சில துண்டுகள் கிடைத்தன. ஒரு விளிம்பு, உடம்புத் துண்டுகள், ஒன்றில் உட்பக்கம் கறுப்புப் பூச்சு அப்படியே இருந்தது. ஆனால் நிலம் என்னுடையது இல்லை. நிலத்துக்காரர் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்த அண்ணாச்சி. மேட்டைச் சமப்படுத்தி வீட்டுமனை போடுவதற்கு ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் போய் நின்றேன். அவர் என்னை விரட்டியிருக்கலாம். நாற்காலி போட்டு உட்காரவைத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே பேச்சாகச் சொன்னார்.

"தீபாவளி வரைக்கும் பொறுக்கேன் சார். விவரம் தெரிஞ்சவிய வந்து, இங்கன இருக்குன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுக்கட்டும். நான் கையெடுத்துருதேன். இல்லாட்டி பொறவு என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

விவரம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். வெளியூர்க்காரர், இந்தச் சாடிகளையே வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிற அம்மா. அவர் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் தொல்லியல் துறை திரும்பிப் பார்க்கும். எழுதினேன், போன் செய்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் ஆயுதபூஜை முடிந்த அடுத்த வாரம் வருகிறேன் என்றார். மேடு நிற்பதும் போவதும் அந்த ஒரு நாளில் இருந்தது.

இங்கேதான் என் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். ஓடு எங்கே செய்தது என்பதை ஓடே சொல்லிவிடும். எங்கே கிடைத்தது என்பதை எடுத்தவன்தான் சொல்ல வேண்டும். அதற்காக ஒவ்வொரு ஓட்டிலும் ஓரமாகச் சாயமில்லாத நகப்பாலிஷைத் தடவி, அதன்மேல் மையால் எண் எழுதி, திரும்பவும் பாலிஷ் பூசிவிடுவார்கள். கழுவினாலும் போகாது. நான் மையும் வாங்கினேன், பாலிஷும் வாங்கினேன். பேன்சி ஸ்டோர்க்காரர் வீட்டுக்கா சார் என்று கேட்டுச் சிரித்தார். இரண்டும் மேஜை இழுப்பறையில் பிரிக்காமல் கிடந்தன. விடைத்தாள் திருத்த வேண்டும், நாளைக்கு. பல் வலி, நாளைக்கு. ஓடுகளை ஆறு ட்ரேக்களில் பிரித்துவைத்து, ஒவ்வொரு ட்ரேயின் அடியிலும் எங்கே கிடைத்தவை என்று ஒரு சீட்டு எழுதிப் போட்டதோடு சரி.

ஆறாவது ட்ரேயில் இருந்தவை மேட்டு ஓடுகளே இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஒரு அகழாய்வில் இருந்த நண்பர், பையன்களுக்குக் காட்டிப் பாடம் நடத்துவதற்காக ஒரு பை ஓடு கொடுத்திருந்தார். மேல்மண்ணிலும் அலையோரத்திலும் கிடைத்த உதிரிகள், அவற்றுக்கும் எண் இல்லை. அத்தனையும் அசல் ரோமானியச் சாடி. அதிலும் ஒரு இரட்டைக் காது உண்டு. எத்தனை துண்டு என்று நான் எண்ணிக்கூட வைக்கவில்லை.

பூஜைக்கு முந்தின நாள் அக்காவிடம் நான்தான் சொன்னேன். அடுத்த வாரம் பெரிய ஆள் வருகிறார்கள், நம் ரூம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், ஒரு தூசி இருக்கக்கூடாது என்று. சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு ஆயுதபூஜை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன்தானே? மிஷினை நிறுத்தி, பஞ்சுத் தூசியைத் தோண்டி எடுத்து, ஒவ்வொரு பாகமாகத் துடைத்துச் சந்தனம் வைப்பார்கள். ஒரு ஸ்க்ரூவை விட்டுவிட்டாலும் சூப்பர்வைசர் திட்டுவார். மேல்வாரியாகத் துடைக்கிற பழக்கமே அங்கே கிடையாது.

விஜயதசமி முடிந்து வந்து கதவைத் திறந்தேன். சூடம், சந்தனம், பொரி வாசனை. ஆறு ட்ரேயும் புதுசு மாதிரி இருந்தன. அக்கா ஓடுகளையெல்லாம் மொட்டை மாடியில் ஒரு ஜமுக்காளத்தில் கொட்டி, அண்டாவில் போட்டு, பாத்திரப் பொடியும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்து, வெயிலில் காயவைத்து எடுத்திருக்கிறார். பிறகு அழகாகப் பிரித்து அடுக்கியிருக்கிறார். சிவப்பெல்லாம் ஒரு ட்ரே. கறுப்பெல்லாம் ஒரு ட்ரே. தடித்ததெல்லாம் ஒரு ட்ரே, பெரிதிலிருந்து சிறிது வரைக்கும் வரிசை. ஒவ்வொரு ஓட்டின் நெற்றியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். என் சீட்டுகளை நீவி, அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டுச் சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்து ஒரு செம்பருத்தியும் வைத்திருந்தார். ஒரு சீட்டு தொலையவில்லை. ஒரு ஓடு உடையவில்லை. எந்தச் சீட்டு எந்த ஓட்டுக்கு என்பது மட்டும் போயிருந்தது.

அக்கா வாசலில் நின்றிருந்தார். நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வேன் என்று நின்றது இப்போது புரிகிறது. ஒன்றில் உள்ளுக்குள் கரி அடிப்பிடித்திருந்தது சார், ரொம்ப நேரம் தேய்த்து அதையும் எடுத்துவிட்டேன் என்றார். அந்தக் கரிதான் பிசின். இரண்டாயிரம் வருஷம் ஒட்டியிருந்தது.

நான் என்னென்ன கத்தினேன் என்று எழுதக் கூசுகிறது. அறிவிருக்கா என்றேன். பஞ்சு தின்ன மூளை என்றேன். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா அழவில்லை. முந்தானையால் ஒவ்வொரு ஓட்டிலும் சந்தனத்தைத் துடைக்க ஆரம்பித்தார். எது எங்கே இருந்தது என்று எனக்கு ஞாபகமிருக்கிறது, செத்த நேரம் குடுங்க சார், நான் பிரித்துத் தந்துவிடுகிறேன் என்றார். நாலைந்தை எடுத்து இங்கும் அங்கும் வைத்தார். பிறகு ஒரு இரட்டைக் காதை ஒரு கையிலும் இன்னொன்றை மறுகையிலும் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கொழம்புது சார்" என்றார்.

எனக்கும் குழம்பியது. செல்போனில் இருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் சேற்றோடு கிடந்த படங்கள், எதைப் பார்த்தாலும் உருளைக்கிழங்கு மாதிரித்தான் இருந்தது. அந்த ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அந்த அம்மாவிடம் போன் செய்து நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எண்ணைப் போட்டுவிட்டு வைத்துவிட்டேன். நேரில் பார்த்துக்கொள்வோம் என்று இருந்துவிட்டேன். நாளைக்கு என்பதற்கு அது இன்னொரு பெயர்.

அவர் வந்தார். ஒல்லியான அம்மா, பருத்திச் சேலை, தோளில் ஒரு துணிப்பை. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக ட்ரேக்களிடம் போனார். கல்லூரி வாசலில் அவர் வந்த கார் நின்றுகொண்டிருந்தது. அறையில் நாங்கள் இருவர் மட்டும். ஓடுகளை ஒவ்வொன்றாக லென்ஸில் பார்த்து, இது நம்மூர், இதுவும் நம்மூர், இது சாடி, இது சாடி என்று ஒதுக்கிவைத்தார். நான்கு வருஷமாக நான் சொன்னது பொய்யில்லை என்று முதல்முறையாக இன்னொரு வாய் சொல்கிறது. ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது, சீட்டு எங்கே என்று கேட்டார். பூஜைக்குக் கழுவிவிட்டார்கள், கலந்துவிட்டது என்றேன். கடற்கரைப் பையைப் பற்றியும் சொன்னேன். அதுவரைக்கும் நான் யோக்கியன்தான்.

அவர் கோபப்படவில்லை. அவர் வேலையில் இதையெல்லாம் நிறையப் பார்த்திருப்பார் போல. ஒதுக்கிவைத்த ஓடுகளைக் காட்டி, இதில் ஏதாவது ஒன்றாவது மேட்டில் கிடைத்தது என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா என்று மட்டும் கேட்டார்.

இரண்டு காதுகளும் முன்னால் கிடந்தன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் தீபாவளிக்கு இரண்டு வாரம்கூட இல்லை. பெரியதைக் கையில் எடுத்தேன்.

"இதுதான். நானே குனிஞ்சு எடுத்தது. அன்னைக்கு மழை தூறிக்கிட்டு இருந்துச்சு" என்றேன்.

அக்கா எடுத்ததை என் கையால் எடுத்ததாகச் சொன்னேன். பொய்யிலும் எனக்குப் பங்கு வேண்டியிருந்தது, பாருங்கள். அந்த அம்மா உறுதியாகவா என்று இன்னொரு முறை கேட்டார். உறுதியாக என்றேன். அவர் ஓட்டை வாங்கி, இரண்டு குச்சிகளும் சேர்கிற இடுக்கை லென்ஸில் பார்த்தார். பிறகு லென்ஸையும் ஓட்டையும் என்னிடம் நீட்டினார். இடுக்குக்குள், தேங்காய் நார் நுழைய முடியாத இடத்தில், வெள்ளையாக ஒரு மெல்லிய குழாய் சுருண்டு ஒட்டியிருந்தது. கடல் புழு கட்டிய கூடு. கடல் தண்ணீரில் கிடந்த பொருளில் மட்டும்தான் அது வரும்.

அந்த அம்மா நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.

"தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இப்பவே கார்ல ஏறி மேட்டுக்குப் போயிருப்போம் சார். அதுக்குன்னுதான் முழு நாளும் ஒதுக்கிட்டு வந்தேன்" என்றார்.

போகலாம், இப்போதே போகலாம், அங்கே இன்னும் கிடக்கும் என்று கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். அவர் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"உங்ககிட்ட ஒரு பை ஓடு இருக்கு. இனி அந்த மேட்டுல ஒண்ணு கெடச்சாலும், அதை நீங்க கொண்டுபோய்ப் போடலன்னு நான் எப்படி எழுதுறது?"

கார் கிளம்பிப் போனது. சாயங்காலம் கல்லூரி முதல்வர் கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். ஓடுகளைக் கழுவிவிட்டார்கள் சார், எல்லாம் கலந்துபோயிற்று, அதனால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள் என்றேன். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லாத மாதிரி இருந்தது. அடுத்த வாரம் அக்காவை எங்கள் துறையிலிருந்து விடுதிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஓட்டைக் கழுவின அக்கா என்று ஆபீஸில் சிரித்தார்கள். நான் சும்மா இருந்தேன்.

தீபாவளி முடிந்தது. அண்ணாச்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், ஒருநாள்கூட முந்தவில்லை. நாளைக்கு வண்டி வருது சார் என்று போன் செய்து சொன்னார். போனேன். இரண்டு ஜேசிபி, வரிசையாக டிப்பர் லாரி. மண்ணை அள்ளிக்கொண்டுபோய் எங்கோ ரோட்டுக்கு நிரப்பப் போவதாகச் சொன்னார்கள். வெட்டிய சுவரில் பானைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன, ஒரு தரை தெரிந்தது, அதற்குக் கீழே இன்னொரு தரை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது வாளி இறங்கி அதையும் அள்ளியது. செல்போனில் நாலைந்து படம் எடுத்தேன். யாரிடம் காட்டுவது? மூன்று நாளில் மேடும் வயலும் ஒரே மட்டமாகிவிட்டன. அங்கே இப்போது மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டிருக்கிறார்கள். மனை வாங்கிய ஒருவர் போர்வெல் போட்டிருக்கிறார். பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் நான் எதிர்ச் சன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன்.

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம் ராஜபாளையம் பழைய பஸ்ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். விடுதிக்கு மாறிய பிறகு அன்றைக்குத்தான் நேருக்கு நேர். கையில் காய்கறிப் பை. ஒதுங்கிப் போகலாம் என்று பார்த்தேன், அவர் பார்த்துவிட்டார். நல்லா இருக்கீங்களா சார், இளைச்சுட்டீங்களே என்றார். தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது மேடு இருந்த இடத்தைப் பார்த்ததாகச் சொன்னார். பையின் காதைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன் சார். நான் மட்டும் கழுவாம விட்டிருந்தா, அந்த மேடு இன்னைக்கு நிக்குமா?"

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்து நின்றுகொண்டிருந்தது. இல்லக்கா, நீங்க கழுவினதால போகல, நான் சொன்ன பொய்யால போச்சு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த பஸ் பத்து நிமிஷத்தில் வரும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்கக்கா. நடந்தது நடந்துபோச்சு. நான் அதை மனசுல வச்சுக்கல" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பையைக் கீழே வைத்துவிட்டு, நடு பஸ்ஸ்டாண்டில், என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.